3 லட்ச ரூபாய் சைக்கிளும் பழவேற்காட்டு மணலும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரைக்கும் சைக்கிளில் போய் வருகிற ஒரு குழுவில் இருக்கிறார். இப்போ வெச்சிருக்கிறது சாதாரண ஹைபிரிட் சைக்கிள். ஏரியைச் சுத்தியிருக்கிற மீனவக் குப்பங்களுக்கு நடுவில் போகிற மண் பாதைகளிலும் ஓட்டணும்னு ஆசை. கடையில் ஒரு கிராஸ் கன்ட்ரி ரேஸ் பைக் காட்டியிருக்காங்க. கார்பன் ஃப்ரேம், 29 இன்ச் சக்கரம், 12 கியர். விலை 3 லட்சம் ரூபாய், மாதத் தவணையில் வாங்கலாம். அவர் கேட்டது இதுதான்: பெர்ஃபாமன்ஸையும் விலையையும் சேர்த்துப் பார்த்தா, இது வொர்த்தா?

ஸ்பெக் ஷீட்டைப் படிச்சே பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஷீட்டில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு நிலம் இருக்கு. யாரோ, எங்கேயோ, ஒரு குறிப்பிட்ட தரையில் கஷ்டப்பட்டதால்தான் அந்தப் பாகம் உருவாச்சு. நம்ம தரைக்கு அது தேவையான்னு தெரியணும்னா, முதலில் அது எந்தத் தரையில் பிறந்ததுன்னு தெரியணும். அதனால அமெரிக்காவுக்கு ஒரு முறை போயிட்டு, பழவேற்காட்டுக்கு வருவோம்.

ஒரு மலை, ஒரு பிரேக்

1970களின் நடுப்பகுதி. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்கிற பகுதி. அங்கே டாமல்பைஸ் என்று ஒரு மலை. அதைச் சுற்றிக் காட்டுத் தீயை அணைக்கும் வண்டிகளுக்காகப் போட்ட மண் பாதைகள் நிறைய உண்டு. அந்த ஊர் இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேல் கொண்டுபோய், அந்தப் பாதைகளில் இறக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் தேடிய சைக்கிள் ஷ்வின் கம்பெனியின் பழைய மாடல்கள். 1933-இல் அந்தக் கம்பெனி தடித்த பலூன் டயர் போட்ட சைக்கிள்களைக் கொண்டுவந்தது. வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்கள் மூட்டையோடு ஓட்டிய ரகம் அது. இருபது கிலோவுக்கு மேல் எடை, ஆனால் லேசில் உடையாது. ஆக, இன்னைக்கு லட்சக்கணக்கில் விற்கிற மவுண்டன் பைக்கோட தாத்தா, சுமை தூக்கின ஒரு வேலைக்காரச் சைக்கிள்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1976 அக்டோபர் 21-ஆம் தேதி, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் முதல் போட்டி நடந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அதற்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்று பெயர். போட்டிக்கே ரீபேக் என்ற பெயர் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த மலை கொடுத்த தொல்லைகளுக்குப் பதில்தான். ஃப்ரேம் உடைந்தது, 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் புது ஃப்ரேம் செய்தார். கீழே இறக்கிய சைக்கிளை மறுபடி மேலே ஏற்ற முடியவில்லை, கியர் வந்தது. 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த ஃப்ரேம்களை வைத்து வியாபாரம் தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, ஜப்பானில் செய்து கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர் மாடலைக் கடைகளில் விற்றது. மவுண்டன் பைக் மொத்த உற்பத்திக்குப் போனது அப்போதுதான்.

1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப். 1996 அட்லாண்டாவில் கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக் போட்டியானது. ஆண்களில் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்ஜென்ஸ், பெண்களில் இத்தாலியின் பாவ்லா பெட்சோ தங்கம் வென்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரீபேக் வெறும் இறக்கப் போட்டி. கிராஸ் கன்ட்ரி அப்படியில்லை. ஏறணும், இறங்கணும், மறுபடி ஏறணும். ஒலிம்பிக்கில் சுமார் ஒன்றரை மணி நேரம் இது நடக்கும். யாருக்கு ஏற்றத்தில் சில விநாடி மிச்சமாகிறதோ அவருக்குப் பதக்கம். அதனால்தான் ஒவ்வொரு கிராமையும் குறைக்கக் கார்பன் வந்தது. முன் ஃபோர்க்கில் 100, 120 மில்லிமீட்டர் மட்டும் அசையும் சஸ்பென்ஷன் வந்தது. அதையும் ஏற்றத்தில் பூட்டி வைக்க ஒரு லீவர் வந்தது. பின்பக்கம் 10 பல்லில் தொடங்கி 51, 52 பல் வரைக்கும் விரிகிற கியர் தட்டு வந்தது. 3 லட்ச ரூபாய் சைக்கிள் என்பது இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகச் சேர்த்து வைத்த பதில்களின் தொகுப்பு.

பாடு: இடத்துக்கு விலை வைத்த ஊர்

இப்போ பழவேற்காட்டுக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற முகத்துவாரம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, நாகப்பட்டினத்துக்கு மாறுகிறவரை சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். துணி வாங்கித் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பி, அங்கே மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

சுற்றுலாப் பயணிகள் டச்சுக் கல்லறையையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நான் இன்னைக்குப் பேச வந்தது இந்த ஊரின் இன்னொரு பழைய விஷயத்தை. அதுக்குப் பேர் பாடு.

ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் இருக்கிற இடத்தில் இறால் அதிகம். அதே வலையை உள்ளே தள்ளிப் போட்டால் கிடைப்பது குறைவு. யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குக் கோட்டைக்குப்பம் போன்ற பழைய குப்பங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தன. இடங்களைப் பிரித்து, முறை வைத்துச் சுழற்சியில் கொடுப்பார்கள். இன்று நல்ல இடம் உங்களுக்கு என்றால், அடுத்த முறை இன்னொருவருக்கு. இதுதான் பாடு முறை.

இதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்க. வலை ஒன்றுதான், ஆள் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். வருமானம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுது. அதனால வலையை மட்டும் எடை போட்டு ஒருத்தரோட வரும்படியைக் கணக்குப் போட முடியாதுன்னு இந்த ஊர் ரொம்ப காலம் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தது. சைக்கிளுக்கும் இதையே பொருத்திப் பார்க்கப் போறேன்.

மீன் கெடுறதுக்குள்ள எவ்வளவு தூரம்?

பழவேற்காட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கு அம்பத்தூர். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலஸ் என்ற பெயர் அப்படித்தான் நம்ம ஊருக்குச் சொந்தமானது. அது 1910-இல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை வாங்கியிருந்தது. வடக்கே அட்லஸ், ஹீரோ என்று மற்ற கம்பெனிகளும் அடுத்தடுத்து வந்தன. எல்லாரும் செய்த பிரதான சைக்கிள் ஒன்றுதான்: கறுப்பு நிறம், கம்பி பிரேக், பின்னால் பெரிய கேரியர். தாத்தா சைக்கிள்னு நாம கிண்டல் பண்றோமே, அதேதான்.

அதன் ஸ்பெக் ஷீட்டை யாரும் படிப்பதில்லை. நான் படிக்கிறேன், கேளுங்க. ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய 29 இன்ச் மவுண்டன் பைக் ரிம் 622 மில்லிமீட்டர். ஆமாம், பால்காரர் சைக்கிளோட ரிம் ஒலிம்பிக் சைக்கிளோட ரிம்மைவிடப் பெரிசு. பெரிய சக்கரம் குழியில் விழாமல் உருண்டு போகும்னு மவுண்டன் பைக் உலகம் 2000களுக்குப் பிறகு கண்டுபிடிச்சுக் கொண்டாடினது. நம்ம ஊர் மண் ரோட்டில் அது அதுக்கு ரொம்ப முன்னாடியே ஓடிட்டிருந்தது.

அடுத்தது கம்பி, அதாவது ஸ்போக்ஸ். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. சுமை பின்னால் இருப்பதால் பின்னால் அதிகம். ரேஸ் பைக்கில் எடையைக் குறைக்க ஒரு சக்கரத்துக்கு 28, சிலதில் 24 கம்பிகள்தான். கியர் ஒன்றே ஒன்று. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். மேடே இல்லாத தரைக்கு இது போதும்.

இந்தச் சைக்கிளுக்கும் ஒரு ரேஸ் இருந்தது. எதிராளி இன்னொரு வீரர் இல்லை, வெயில். ஐஸ் பரவலாகக் கிடைப்பதற்கு முன்னால், கரையில் இறங்கிய மடவையும் இறாலும் சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். மூணு மணி நேரம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. தலைச்சுமையாகக் கூடையைத் தூக்கி நடக்கும் பெண் மணிக்கு 4 கிலோமீட்டர் போவார். மூணு மணி நேரத்தில் 12 கிலோமீட்டர். சைக்கிளில் கூடை கட்டின ஆள் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலே 36 கிலோமீட்டர், அதுவும் இன்னும் அதிகச் சுமையோட. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி 20 கிலோமீட்டருக்குள். நடந்தா அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள மீன் கெட்டிருக்கும். சைக்கிளில் போனா பொன்னேரியையும் தாண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போகலாம். வாங்குகிறவர்கள் அதிகம், அதனால் விலையும் கூடும்.

இதை நான் பெர்ஃபாமன்ஸ்னு சொல்வேன். எத்தனை கிலோ மீனை, எத்தனை கிலோமீட்டர், கெடுறதுக்குள்ள கொண்டுபோக முடிஞ்சது என்கிற அளவு. இந்தக் கணக்கில் யார் சைக்கிள் ஏறினாங்க, யார் நடந்தாங்கன்னும் கேட்கணும். தமிழ்க் கடற்கரையில் சைக்கிள் ஏறிய மீன் வியாபாரிகள் பெரும்பாலும் ஆண்கள். கூடை தூக்கி நடந்தவர்கள் பெண்கள். ஒரு வண்டி சந்தையை விரிக்கும்போது, அது கையில் இல்லாதவரின் சந்தை சுருங்கிப்போகும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் இதை நேராகவே கையில் எடுத்தார்கள். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பல பெண்கள் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகிற அந்தக் குறுக்குக் குழாய். குழந்தையை அதில் உட்கார வைக்கலாம். கம்பெனி ‘பெண்களுக்கானது’ என்று செய்த மாடலை, அந்தப் பெண்கள் தங்கள் வேலையை வைத்து மதிப்பிட்டுத் தள்ளி வைத்தார்கள். இதைவிடச் சரியான ஒரு சைக்கிள் ரிவ்யூவை நான் படிச்சதில்லை.

அதே தாத்தா சைக்கிளுக்கும் தீர்ப்பு வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளியானது. மீன், பால், காய்கறி, தண்ணீர்க் குடம் என்று சுமை வியாபாரம் மெல்ல மெல்ல மொபெட்டுக்கு மாறியது. பெட்ரோல் செலவைச் சேர்த்தும் கணக்கு லாபமாக வந்தது. சைக்கிள் மேல் இருந்த பாசத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

இப்போ அந்த 3 லட்சம்

சரி, நேயர் கேள்விக்கு வருவோம். அந்தச் சைக்கிள் மோசமா? இல்லவே இல்லை. டாமல்பைஸ் மாதிரி மலையில், நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில், போட்டிக்கு ஓட்டுறவருக்கு அந்தப் பணத்தில் அர்த்தம் இருக்கு. பழவேற்காட்டில் ஒவ்வொரு வரியா பார்ப்போம்.

முதலில் எடை. கார்பனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் 2 கிலோ குறையுதுன்னு வெச்சுக்குவோம். ஓட்டுறவரும் சைக்கிளும் சேர்ந்து 91 கிலோ, இப்போ 89. 200 வாட் சக்தியில் 400 மீட்டர் மலை ஏறினா, மிச்சமாகிற நேரம் கிட்டத்தட்ட 40 விநாடி. ரேஸில் அது பெரிய விஷயம். பழவேற்காட்டுப் பாதையில் நீங்க ஏறப்போற பெரிய ஏற்றமே பாலங்கள்தான். 40 விநாடி கிட்டத்தட்ட பூஜ்யமாகிடும்.

அடுத்தது கியர். 32 பல் முன்னால், 51 பல் பின்னால் என்ற சின்ன கியரில் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்கூட நகராது. செங்குத்தான ஏற்றத்துக்கானது அது. ஏரிக்கரையில் எதிர்க்காற்று இருக்கும், அதனால் சில கியர்கள் உதவும். 12-இல் நாலைந்தைத்தான் தொடுவீங்க.

மூணாவது தரை. சென்னையிலிருந்து போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. குப்பங்களுக்கு நடுவில் மண் பாதை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பத்தில் ஒரு பங்குத் தரைக்காக மொத்தச் சைக்கிளையும் வாங்கணுமா? அகலமான டயர் அந்த மண் பாதையில் உண்மையிலேயே உதவும், டிஸ்க் பிரேக்கும் நல்லதுதான். ஆனா கடற்கரையோரக் காய்ந்த மணலில் 2.2 இன்ச் டயரும் புதையும். அதுக்கு 4 இன்ச் டயர் போட்ட வேற ரகம் வேணும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம்: உப்பு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரித்துப்போவது அலுமினியம். சரியாகப் பராமரிக்காவிட்டால் சீட் குழாய் ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்யச் சொல்கிற கம்பெனிகள் உண்டு. ஒரு ரைடுக்கு ஆறு மணி நேரம் என்றால், எட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை. தாத்தா சைக்கிளும் துருப்பிடிக்கும். ஆனா அதில் செயினை மூடி ஒரு கவர் இருக்கும், தடித்த இரும்பு, எண்ணெய் விட்டாப் போதும். கோட்டம் எடுக்கவும் பஞ்சர் ஒட்டவும் ஊர்க் கடையிலேயே ஆள் உண்டு. 12 கியர் செயின் அறுந்தால் நீங்க பொன்னேரி ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கணும்.

அதனால என் பதில்: அந்த வழிக்கு 3 லட்ச ரூபாய் ரேஸ் பைக் வேண்டாம். சைக்கிள் மாத்தியே ஆகணும்னா, அலுமினிய ஃப்ரேம், 29 இன்ச் சக்கரம், சஸ்பென்ஷன் இல்லாத முன் ஃபோர்க், பல் குறைவான அகல டயர், எட்டு ஒன்பது கியர். அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குள்ள முடிஞ்சிடும். ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடுங்க. வருஷத்துக்கு நாலைந்து முறை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போட்டிக்குப் போறீங்கன்னா எனக்கு எழுதுங்க, கணக்கை மறுபடி போடுவோம். தரை மாறினா பதிலும் மாறும்.

எந்தச் சைக்கிள் வாங்கினாலும் கடைக்குப் போகிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போறேன்? என்ன சுமை, என்ன வேலை? கெட்டுப்போனா அங்கேயே யார் சரிபண்ணுவாங்க? மீன் கூடை கட்டின வியாபாரியும், குழந்தையைக் குறுக்குக் குழாயில் உட்கார வெச்ச புதுக்கோட்டைப் பெண்ணும் இந்த மூணையும் கேட்டுட்டுத்தான் சைக்கிளைத் தொட்டாங்க.

அடுத்த வாரம் வேற ஒரு பொருளோட வரலாறோட வரேன். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.